முருகனுக்குப் பக்கத்தில்

போன வாரம் என் வீட்டுச் சுவரைப் படமெடுத்துப் போட்டேன்: கேலண்டர் முருகன், பக்கத்திலேயே ஒரு எட்சிங், அதாவது உலோகத் தகட்டில் கோடுகளை அரித்து அச்சடிக்கும் அச்சோவியம். அதற்கு வந்த கமெண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ‘சாமி படத்துக்குப் பக்கத்தில் இந்தக் கிறுக்கலா?’ என்று ஒரு கூட்டம். ‘நல்ல எட்சிங், அதோடு போய் கேலண்டர் முருகனா?’ என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இரண்டையும் கழற்றப் போவதில்லை.

அச்சோவியம் என்றாலே சாமிக்குச் சம்பந்தமில்லாத நவீனச் சரக்கு என்று யார் சொன்னது? சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த வச்சிர சூத்திரம் என்ற பௌத்த நூல் கி.பி. 868இல் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது. முகப்பிலேயே புத்தர் தன் சீடர் சுபூதிக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கிறார். வாங் ஜியே என்பவர் தன் அப்பா அம்மா பெயரில் இலவசமாகக் கொடுக்கச் செய்வித்தார். நம்மூரில் அன்னதானம் போடுவதுபோல. ஆயிரத்து நூறு வருடமாகச் சாமியும் அச்சும் ஒரே தாளில் இருக்கின்றன. என் சுவரில் இருந்தால்தான் தீட்டா?

‘அது பழசு, நவீனம் வேறு’ என்பீர்கள். சரி. ஜப்பானிய அச்சோவியர் முனகாட்டா ஷிகோ 1939இல் புத்தரின் பத்துச் சீடர்களைக் கட்டையில் வெட்டினார். கடுமையான கிட்டப்பார்வை, மூக்கு பலகையில் உரசக் குனிந்துதான் செதுக்குவார். 1956இல் இத்தாலியின் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அச்சோவியத்துக்கான பெரும் பரிசு அவருக்குத்தான். அந்தச் சீடர்களில் எந்தக் கோடு பக்தி, எந்தக் கோடு கலை என்று பிரித்துக் காட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் ரசனைக்காரர்கள். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் இருந்து, கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்த கொண்டையராஜு வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகத்தான் நம் வீடுகளுக்கு வந்தன. வியாபாரப் படமாம். ஆமாம், வியாபாரம்தான். எட்சிங்கை மட்டும் எனக்குச் சும்மாவா கொடுத்தார்கள்? மூன்று மாதம் சேர்த்த காசு அது.

என் முருகன் மளிகைக்கடை கேலண்டரில் வந்தவர். வருடம் முடிந்ததும் அம்மா கடைப் பெயரைக் கத்தரித்துவிட்டுக் கண்ணாடி போட்டு வாங்கி வந்தார். கத்தரித்ததில் மயில் தோகை ஒரு ஓரம் போய்விட்டது. அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பிறகு நான் எட்சிங்கை மாட்டிய அன்று கிட்டே போய் வெகுநேரம் பார்த்தார். வெறும் குறுக்கும் நெடுக்குமான கோடுகள். ‘புத்துதானே இது?’ என்று கேட்டுவிட்டு மஞ்சள் குங்குமம் வைத்தார். அம்மா போய் நாலு வருடமாகிறது, அந்தப் பொட்டை நான் துடைக்கவில்லை.

‘கிறுக்கல்’ என்று எழுதிய அண்ணன் அம்மா கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவர். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் அண்ணே, பொட்டு தெரியும்.