உள்ளே பெய்யும் மழை

மும்பையில் ஜூன் பிறந்துவிட்டால் ஊருக்கெல்லாம் மழை வெளியே பெய்கிறது. மாட்டுங்காவில் தெருவோரம் நிற்கும் என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் மட்டும் அது உள்ளேயே பெய்கிறது. ஓட்டுநர் பக்கக் கம்பளம் ஊறி நாறியதால் கதவு ரப்பரை மாற்றினேன். நீர் நுழையும் இடம் ஒன்று, தேங்கும் இடம் வேறொன்று என்பது பணம் போன பிறகே புரிந்தது. பிறகு உட்புற விளிம்பெங்கும் தடம் தெரிவதற்காக முகப்பவுடர் தூவி, மனைவி வெளியே நின்று கீழிருந்து மேலாகக் குழாய்நீர் பாய்ச்ச, நான் டார்ச்சுடன் உள்ளே மடங்கிக் கிடந்தபோதுதான் (48 வயதில் அந்தக் காருக்குள் மடங்குவதே தனித் தண்டனை), முன்கண்ணாடியின் அடியிலுள்ள வடிகால் துளையைத் தூங்குமூஞ்சி மரத்தின் சருகுகள் அடைத்திருப்பது தெரிந்தது. அதைக் குத்திச் சுத்தம் செய்தேன். இன்று காலை இடப்பக்கக் கம்பளம் நனைந்திருக்கிறது.