58 வயசு வரைக்கும் அவர் என்ன தூங்கிக்கிட்டா இருந்தார்?

அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கின டாக்டர் வெங்கடசாமி பத்தின அந்த மேடைப் பேச்சு வீடியோவ இனிமேல் யாரும் எனக்கு அனுப்பாதீங்க. பார்த்துட்டேன். முழுசா பார்த்துட்டேன். மதுரைக்காரி, அம்மா வேற நர்ஸா இருந்தவங்க, டாக்டர் வெங்கடசாமி பத்திப் பேசினா இவளுக்குப் பிடிக்கும்னு நல்லெண்ணத்துலதான் ஆளாளுக்கு அனுப்பினீங்க. புரியுது. ஆனா கோட்டு போட்ட அந்த அண்ணன் மேடையில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துக்கிட்டே ஒரு வரி சொன்னாரே, "அரசு வேலைங்கிற கூண்டுக்குள்ள முடங்கிக் கிடந்த ஒரு மனுஷன் 58 வயசுல கண் விழிச்சார்"னு, அதுக்கு அரங்கமே கை தட்டுச்சே, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

கண் விழிச்சாராம். கண் டாக்டர் இல்லையா, அதனால வார்த்தை விளையாட்டு போல.

சரி, பொறுமையாவே சொல்றேன். வடமலாபுரம்னு எட்டயபுரம் பக்கத்துல ஒரு கிராமம். 1918ல பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில படிச்சு, 1944ல சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில எம்பிபிஎஸ் முடிச்சு, ராணுவ மருத்துவரா போறார். முடக்குவாதம் வந்து 1948ல ராணுவத்துலேருந்து அனுப்பிட்டாங்க. பிரசவ டாக்டராகணும்னுதான் அவருக்கு ஆசை. சொந்தத்துலயே பொம்பளைங்க பிரசவத்துல செத்ததைப் பார்த்து வளர்ந்தவர். ஆனா விரல் கோணிப்போச்சு, நின்னா வலி, நடந்தா வலி. அதனால கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிப்போன அந்த விரலுக்குத் தோதா கருவிகளை அமைச்சுக்கிட்டு, கத்தி பிடிக்கப் பழகினார். இதையெல்லாம் அந்த அண்ணனும் சொன்னார், பின்னாடி வயலின் வேற. சொல்லாம விட்டது ஒண்ணுதான். அந்தக் கை பழகினது எங்க? அரசு ஆஸ்பத்திரியில.

1956லேருந்து மதுரை மருத்துவக் கல்லூரியில கண் மருத்துவத் துறைத் தலைவர். எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில, அதாவது நம்ம பெரியாஸ்பத்திரியில, கண் பிரிவு அவர் பொறுப்பு. 1960ல கிராமம் கிராமமா கண் சிகிச்சை முகாம். 1966ல பார்வையில்லாதவங்களுக்கு மறுவாழ்வு மையம். 1973ல கண் மருத்துவ உதவியாளர்களுக்குப் பயிற்சி. இது அத்தனையும் எப்போ? அரசு டாக்டரா இருந்தப்போ. அந்த "கூண்டுக்குள்ள" இருந்தப்போ.

இன்னொண்ணு. பத்மஸ்ரீ வாங்கினது 1973. அரவிந்த் தொடங்கினது 1976. கூண்டுக்குள்ள முடங்கிக் கிடந்தவருக்கு எதுக்குய்யா பத்மஸ்ரீ குடுத்தாங்க? நல்லாத் தூங்கினதுக்கா?

நான் திரும்பத் திரும்பச் சொல்றது இவ்வளவுதான். அவர் அரசு டாக்டர். ஓய்வு வயசு வரைக்கும் அரசு டாக்டர். அரவிந்த்ல உலகம் வாயைப் பிளந்து பார்க்குற பாதி விஷயத்துக்கு ஒத்திகை நடந்தது அரசு முகாம்லதான்.

எங்கம்மா அவரோட வேலை பார்த்ததில்ல. வேற ஊர், வேற ஆஸ்பத்திரி. ஆனா அந்தக் காலத்து கண் முகாம்னா என்னன்னு அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவ நான். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு வகுப்பறையைக் கழுவி விடுவாங்க. கரும்பலகைக்குக் கீழ மேசையை இழுத்துப் போட்டா அதுதான் ஆபரேஷன் டேபிள். வராண்டாவுல மண்ணெண்ணெய் ஸ்டவ்ல கருவிங்க கொதிக்கும். ஆபரேஷன் முடிஞ்சவங்க வரிசையா பாய்ல மல்லாந்து படுத்திருக்கணும், தலை ரெண்டு பக்கமும் மணல் மூட்டை. அசையக் கூடாது, இருமக் கூடாது. இருமினா தையல் பிரிஞ்சிரும், கண்ணு போயிரும். ராத்திரி பூரா டார்ச் லைட்டோட அம்மா அந்த வரிசைக்கு நடுவுல நடந்துக்கிட்டே இருப்பாங்களாம். "தாத்தா இருமாதீங்க, பாட்டி திரும்பாதீங்க." ஒரு தாத்தா, "பீடி குடுத்தா இருமமாட்டேன்"னு பேரம் பேசியிருக்கார்.

அப்போ கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கிறதெல்லாம் கிடையாது. புரையை எடுத்துட்டு சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிடுவாங்க. ஒரு பாட்டிக்குக் கண்ணாடி மாட்டினதும், எதிர்ல நின்ன மருமக கட்டியிருந்தது தன்னோட சேலைன்னு கண்டுபிடிச்சு அங்கயே சண்டையாம். "ஏண்டி, இதுக்காடி கண்ணு தெரியாதவளுக்குப் புதுச் சேலை எதுக்குன்ன"ன்னு கேட்டுச்சாம் அந்தப் பாட்டி. அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

அந்த அண்ணன் பாஷையில எங்கம்மாவும் கூண்டுக்குள்ள முடங்கிக் கிடந்தவங்கதான். 58 வயசுல கண் விழிக்கலை. ரிட்டயர் ஆகி முட்டி வலிதான் வந்துச்சு.

இப்போ கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு முன்கூட்டியே பதில்.

"அரசாங்கத்துல இருந்து எதுவும் செய்ய முடியலைன்னுதானே வெளிய வந்தார்?" வெளிய வரலைங்க. வயசாயிடுச்சுன்னு அனுப்பிட்டாங்க. அதுக்குப் பேரு ஓய்வு. முகாமுக்குப் போய்க்கிட்டிருந்தவரால சும்மா உட்கார முடியலை, மதுரை அண்ணா நகர்ல ஒரு வீட்டுல 11 படுக்கையோட ஆரம்பிச்சார். வங்கி கடன் குடுக்கலை. வீட்டை, நகையை அடகு வெச்சுக் கட்டினாங்க. கூட வந்தது யாரு? தங்கச்சி டாக்டர் நாச்சியார், அவங்க வீட்டுக்காரர் டாக்டர் நம்பெருமாள்சாமி. அவங்க எங்க வேலை பார்த்துக்கிட்டிருந்தாங்க? அரசு மருத்துவமனையில! அரவிந்தோட முதல் முதலீடு அடகுக்கடை ரூபா இல்ல, அரசு ஆஸ்பத்திரியில வருஷக்கணக்கா பழகின கைங்க. இதை எந்த மேடையிலயும் சொல்ல மாட்டாங்க. சொன்னா டிக்கெட் விக்காது.

"மெக்டொனால்ட்ஸ் மாதிரி செய்யணும்னு அவரே சொன்னாரே." சொன்னார். இல்லைங்கலை. எங்க போனாலும் ஒரே தரம், ஒரே முறைன்னு அந்தக் கடை நடத்துற விதம் அவருக்குப் பிடிச்சிருந்தது. ஆனா அவர் நினைச்சது கண்ணு தெரியாம வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்குற லட்சக்கணக்கான கிழவன் கிழவிங்களை. நீங்க நினைக்கிறது பர்கரை. ஹார்வர்டுல 1993லயே அரவிந்தைப் பத்திப் பாடம் எழுதிட்டாங்க, எழுதட்டும், சந்தோஷம். அதைப் படிச்சிட்டு வந்து இவர் "ஸ்டார்ட்டப் நிறுவனர்"னு எங்களுக்கே பாடம் எடுக்காதீங்க. புதுச்சேரி ஆசிரமத்து ஸ்ரீ அரவிந்தர், அன்னை ரெண்டு பேர் மேலயும் ஈடுபாடு கொண்டு, கல்யாணம்கூடப் பண்ணாம, அரவிந்தர் பேரையே ஆஸ்பத்திரிக்கு வெச்ச மனுஷன். முதலீட்டாளரைத் தேடி அலைஞ்சவர் இல்ல.

"அப்போ அரவிந்தை மட்டம் தட்டுறீங்களா?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். மட்டம் தட்டுறதா? நானா? ஒரு டாக்டர் ஒரு டேபிள்ல ஆபரேஷன் முடிக்கிறதுக்குள்ள பக்கத்து டேபிள்ல அடுத்த ஆளைத் தயாரா படுக்க வெச்சிருப்பாங்க, மைக்ராஸ்கோப் அப்படியே இந்தப் பக்கம் திரும்பும். தயார் பண்றது யாரு? கிராமத்துலேருந்து பிளஸ் டூ முடிச்சிட்டு வந்து ரெண்டு வருஷம் பயிற்சி எடுத்த பொண்ணுங்க. வெளிநாட்டு லென்ஸ் 100 டாலர் அளவுல வித்தப்போ, 1992ல ஆரோலேப்னு சொந்தமா லென்ஸ் தயாரிக்கிற இடம் தொடங்கி ஏறத்தாழ 10 டாலருக்கு இங்கயே செஞ்சு குடுத்தாங்க. அதுவரைக்கும் காசு உள்ளவனுக்குக் கண்ணுக்குள்ள லென்ஸ், இல்லாதவனுக்கு சோடாபுட்டி. அந்த வித்தியாசத்தை உடைச்சது சாதாரண விஷயமா? பாதிக்கு மேல ஆபரேஷன் இலவசமாவோ ரொம்பக் குறைஞ்ச காசுக்கோ நடக்குது. அவர் கையாலயே ஒரு லட்சத்துக்கும் மேல ஆபரேஷன். பெருமைதான். ஊர்ப் பெருமை. ஆனா கோபுரத்தைப் படம் பிடிக்கிறவன் அஸ்திவாரத்துல நின்னுக்கிட்டு "இங்க முன்னாடி வெறும் பொட்டல்"னு சொன்னா கோபம் வருமா வராதா?

"அரசு ஆஸ்பத்திரி லட்சணம் எங்களுக்குத் தெரியாதா?" தெரியும். எனக்கும் தெரியும். ஸ்ட்ரெச்சர் தள்ள காசு கேட்டது, கழிப்பறை, ஸ்கேனுக்கு நாள் குறிச்சது, எல்லாம் தெரியும். உங்களைவிட நல்லாவே தெரியும், ஏன்னா அம்மாவுக்கு சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்துட்டு அந்த வார்டு வாசல்லதான் வீட்டுப்பாடம் எழுதினேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். விபத்துல அடிபட்டவரைப் பெரிய பெரிய தனியார் ஆஸ்பத்திரியில "இங்க பார்க்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க"ன்னு சொல்வாங்களே, அப்போ அந்த லட்சணம் உங்களுக்குக் கண்ல படலையா? கொரோனா சமயத்துல எங்க ஓடினீங்க? அந்த அண்ணன் எங்க ஓடினார்?

இப்போ அரசு ஆஸ்பத்திரியில தொகுப்பூதியத்துல வேலை பார்க்குற நர்ஸ் பொண்ணுங்க பணி நிரந்தரம் கேட்டு ரோட்டுல உட்கார்ந்தாங்களே, அப்போ இதே ஃபேஸ்புக்ல என்ன எழுதினீங்க? "வேலையைப் பாருங்கம்மா"ன்னு எழுதினீங்க. பெயர் சொல்ல வேணாம்னு பார்க்குறேன், என் நட்புப் பட்டியல்லயே இருக்கீங்க. அம்மாவோட பென்ஷனைப் பத்தி ஒரு கல்யாண வீட்டுல சொந்தக்காரர் ஒருத்தர், "சும்மா உட்கார்ந்து சாப்பிடுற காசு"ன்னு என் காதுபடச் சொன்னார். அவரோட அம்மாவுக்கு ஊசி போடக் கூப்பிட்டப்போ ராத்திரியில குடை பிடிச்சுக்கிட்டுப் போனது எங்கம்மா. அன்னிக்கு அம்மா ஒண்ணும் சொல்லலை, பந்தியில பாயசத்தைக் குடிச்சிட்டு எந்திரிச்சாங்க. எனக்குத்தான் இன்னும் ஆறலை. விஷயத்தை விட்டு எங்கயோ போறேன்னு தெரியுது. பரவாயில்ல, என் சுவர்தானே.

"பாசிட்டிவா எடுத்துக்கங்கக்கா, எந்த வயசுலயும் சாதிக்கலாம்னுதான் அவர் சொல்ல வந்தார்"னு ஒரு தம்பி இன்பாக்ஸ்ல. தம்பி, எந்த வயசுலயும் சாதிக்கலாம், யாரு வேணாம்னா? ஆனா அதைச் சொல்றதுக்கு ஒரு மனுஷன் இருபது வருஷம் தலைமை வகிச்ச கண் பிரிவை, சொல்லிக் குடுத்த மாணவர்களை, போன முகாமை எல்லாம் தூக்கம்னு சொல்லணுமா? அவர் 2006ல போயிட்டார். மறுத்துப் பேச வர மாட்டார்ங்கிற தைரியம்.

அம்மாகிட்ட அந்த வீடியோவப் போட்டுக் காட்டினேன். பாதியிலயே, "யாருடி இவன், இப்படி நடந்துக்கிட்டே பேசுறான், ஒரு இடத்துல நிக்கச் சொல்லு"ன்னுட்டாங்க. அவங்களுக்கே வலது கண்ணுல புரை முத்திடுச்சு, ஆபரேஷன் பண்ணணும். தம்பி அரவிந்த்ல ரூம் போட்டுரலாம்ங்கிறான். அம்மா பெரியாஸ்பத்திரிதான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க, அங்க கண் வார்டுல தெரிஞ்ச சிஸ்டர் இருக்காம். ரெண்டு பேரும் என்னை முடிவு சொல்லச் சொல்றாங்க. இவ்வளவு எழுதிட்டு நான் அரவிந்த்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க, பெரியாஸ்பத்திரின்னு சொன்னா தம்பி அடிக்க வருவான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்.