குழி தோண்டும் முன் நடந்து பார்த்த 293 இடங்கள்

கீழடி அருங்காட்சியகத்தில் விடுமுறை நாள் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைந்துபோகிறது. கூடவே ஒரு வருத்தமும் வருகிறது. அந்த அகழாய்வுக் குழிகளைத் தோண்டும் முன் நடந்த வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2013-14-இல் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் இந்தியத் தொல்லியல் துறைக் குழு, வருசநாட்டு மலையிலிருந்து அழகன்குளம் கடற்கரை வரை வைகையின் இரு கரைகளையும் அலசியது. 293 இடங்களில் பழைய வாழ்விடங்கள், இறந்தவர்களைப் புதைத்த ஈமக்காடுகள் என ஏதோ ஒரு தடயம் இருந்தது. அவற்றுள் ஒன்றுதான் கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல். மண்வெட்டி இறங்கியது அதன் பிறகுதான்.

இப்படித் தடயம் தேடி உழுத வயலில் குனிந்து நடப்பது எளிய வேலையாகத் தோன்றும். உண்மையில் மண்ணோடு பழகியவர்களுக்குத்தான் அது கைகூடும். கோடை உழவு முடிந்து ஒரு மழை பெய்து, மண் கழுவிக் கிடக்கும் மறுநாள் போக வேண்டும். உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான பழைய பானை ஓடுகள் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். நெல் நிற்கும் பருவத்தில் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கண்மாயில் அள்ளிய கரம்பை மண்ணை உரமாக வண்டி வண்டியாக அடித்த வயல் என்றால், அந்த ஓடு அங்கேயே கிடந்ததா, கண்மாயிலிருந்து வந்ததா என்று வயல்காரரிடம் கேட்காமல் முடிவுக்கு வரக் கூடாது. ஓடே இல்லாத வயலையும் ஒதுக்கிவிட முடியாது. ஆறு பல நூற்றாண்டுகளாகக் கொட்டிய வண்டல், பழைய தரையை ஆழத்தில் மூடி வைத்திருக்கும். தாழ்நிலத்தில் மேற்பரப்பு சொல்வது பாதிக் கதைதான். கிணறு வெட்டும் இடத்தையும் வாய்க்கால் கரையின் வெட்டுமுகத்தையும் பார்த்தால்தான் மீதி கொஞ்சமாவது புரியும்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு மேடு. பெரியவர்கள் அதைத் தாழிமேடு என்பார்கள்; தாழி என்றால் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானை. சிறுவயதில் பாண்டி விளையாட அங்கிருந்துதான் சில்லு பொறுக்கி வருவோம். கீழடியில் கிடைத்த வட்டச்சில்லுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று அந்த மேட்டில் பாதிதான் மிச்சம். மீதி சவுடு மண்ணாக லாரியில் போய்விட்டது. மனுவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "அது பாதுகாக்கப்பட்ட இடமா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பேச்சு அத்தோடு முடிந்தது.

அகழாய்வுக்கு எடுத்துக்கொண்ட இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவற்றில் செங்கல் சூளைக்காரரும் மனைப்பிரிவுக்காரரும் நமக்கு முன்னால் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். எல்லா இடத்தையும் அகழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த 293 இடங்களையும் சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் ஏற்றுங்கள். மண் எடுக்க அனுமதி தரும் முன் தொல்லியல் தெரிந்த ஒருவர் ஒருநாள் அங்கே நடந்து பார்க்கட்டும். அந்தப் பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரு கரைகளிலும் இன்னொரு முறை நடந்து, எது இருக்கிறது, எது போய்விட்டது என்று எழுதி வையுங்கள். எங்கள் பகுதிக்கு அந்தக் குழு வந்தால் வழிகாட்ட நான் வருகிறேன். மிச்சமிருக்கும் பாதி மேட்டை இந்தக் கோடை உழவுக்குள் பார்த்துவிட வேண்டும்.