உப்புக் காற்றுக்கு வாரண்டி கிடையாதாம்

ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவைப் போட்டால் போதும், பெங்களூரில் இருந்து ஒருத்தர் தவறாமல் ஆரம்பிப்பார். "பின்னாடி தெரியுறது கடலா? குடுத்து வச்சவருங்க நீங்க." இரண்டு வருடமாகச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். இன்று காலையில் சிரிப்பு வரவில்லை. நேற்றுச் சாயங்காலம்தான் என் லேப்டாப்பைக் கொடுத்திருந்த மதுரை சர்வீஸ் சென்டரில் இருந்து போன். "சார், உங்க போர்டுல தண்ணி பட்டிருக்கு. லிக்விட் டேமேஜ். வாரண்டில வராது. போர்டு மாத்தணும்னா 38,000 ஆகும், மாத்திரலாமா?"

டீ ஆறிப்போச்சு, வேற போட்டுரலாமா என்று கேட்கிற அதே குரல்.

தண்ணீர் பட்டதாம். அந்த மேசையில் நான் டம்ளர் வைத்ததே கிடையாது. அம்மா காபி கொண்டுவந்தால்கூட ஜன்னல் திண்டில்தான் வைக்க வேண்டும், "ஆமா, பெரிய கலெக்டர் ஆபீசு" என்று திட்டிக்கொண்டே அங்கேதான் வைப்பார். வாங்கிப் பதினாலு மாதம். அதுவும் மூன்று வருட வாரண்டிக்கென்று தனியாகப் பணம் கட்டி வாங்கியது. "தண்ணியே படலைங்க" என்றேன். "இல்ல சார், பச்சையா பூத்திருக்கு, போட்டோ அனுப்புறேன் பாருங்க" என்றார். அனுப்பினார். திரைக்குப் போகிற பட்டை ஒயரைச் சொருகும் இடத்தில் வரிசையாக இருக்கிற ஊசிமுனைக் கால்களில் பச்சை. சார்ஜர் சொருகுகிற இடத்துக்குப் பின்னாலும் பச்சை. குத்துவிளக்கை நாலு மாதம் புளி போட்டுத் துலக்காமல் விட்டால் ஏறுமே, அதே களிம்பு.

அது யாரும் கொட்டிய தண்ணீர் இல்லை. எங்கள் ஊர்க் காற்று.

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற எங்கள் மண்டபம் எப்படிப்பட்ட இடம் என்று வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற துண்டு நிலம். வடகடல், தென்கடல் என்போம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் தென்கடல் உப்பு வீட்டுக்குள் வரும், வாடைக் காற்று திரும்பினால் வடகடல் உப்பு வரும், உப்பு வராத நாள் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. ஜன்னல் கம்பி, பைக் செயின், கேட்டுக் கீல் எல்லாம் அரித்துக்கொண்டேதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டால் அரை மணி நேரத்தில் பிசுபிசுவென்று ஆகிவிடும். அரிப்பைப் பற்றி ஆராய வேண்டும் என்று காரைக்குடி சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வு மையம் இடம் தேடிவந்து உட்கார்ந்ததே எங்கள் மண்டபம் முகாமில்தான். விஞ்ஞானிக்குத் தெரிகிறது, சர்வீஸ் சென்டருக்குத் தெரியவில்லை.

சமையலறை உப்பு ஜாடியைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றில் உள்ள தண்ணீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பித்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அது இன்னும் பேராசை பிடித்தது, அதில் பாதி ஈரம் இருந்தாலே போதும், இழுத்துக்கொள்ளும். இப்போது லேப்டாப்பை நினைத்துப் பாருங்கள். அடியில் இருக்கிற விசிறி நாள் முழுக்க இந்தக் காற்றை உறிஞ்சி உள்ளே தள்ளுகிறது. உப்புத் துகள் போர்டில் போய் உட்காருகிறது. ஓடும்வரை சூட்டில் காய்ந்து கிடக்கும். ராத்திரி மூடிவைத்தால் சூடு ஆறும், உப்பு ஈரத்தை இழுக்கும், செம்புக் கால்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று உருவாகும். காலையில் மின்சாரம் பாயும். அப்புறம் அரிக்காமல் என்ன செய்யும்? உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும், என் மதர்போர்டும் குடித்திருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு நான் ஊற்றினேன் என்கிறார்கள்.

இதை அப்படியே போனில் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். "சார், சிஸ்டம்ல லிக்விட் டேமேஜ், பிசிக்கல் டேமேஜ் ரெண்டு ஆப்ஷன்தான் இருக்கு" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த ஃபாரத்தை எழுதியது என்னைப் போல ஒரு டெவலப்பர்தான், அவன் கடலை ஸ்கிரீன்சேவரில் மட்டும் பார்த்திருப்பான். "ஏற்கெனவே யாராச்சும் தொறந்தீங்களா?" என்று மட்டும் ஒரு கேள்வி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பத்தாவது மாதத்தில் ஒருநாள் ஸ்டார்ட் ஆகாமல் பீப் பீப் என்று கத்தியபோது, ராம் மெமரி அட்டையை உருவி அக்கா மகளின் பென்சில் ரப்பரால் தங்கப் பற்களைத் தேய்த்துத் திரும்பச் சொருகியவன் நான்தான். ரப்பர் கருத்துப்போனது, மிஷின் இரண்டு மாதம் ஓடியது.

இதில் எனக்கு அடிவயிற்றில் எரிவது பெட்டியில் போட்டிருந்த 'ராணுவத் தரம்' முத்திரைதான். மில் ஸ்டாண்டர்டு 810, அமெரிக்க ராணுவத்தின் சோதனை விதி. அதை நம்பித்தான் எட்டாயிரம் கூடக் கொடுத்து வாங்கினேன். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த ஆவணத்தை எடுத்துப் படித்தேன். அதில் 509 என்ற எண்ணில் உப்புப் பனிச் சோதனை ஒன்று இருக்கவே இருக்கிறது. 5 சதவீத உப்புக் கரைசலை 24 மணி நேரம் புகைபோல அடித்து, 24 மணி நேரம் காயவைத்து, மறுபடி ஒரு சுற்று. கடல் நீரிலேயே சுமார் மூன்றரை சதவீதம்தான் உப்பு. ஆகா, இதுதானே எனக்கு வேண்டியது என்று இவர்கள் எந்தெந்தச் சோதனையைச் செய்தார்கள் என்று தேடினால், கீழே விழுவது, அதிர்வு, தூசி, குளிர். உப்பு இல்லை. எதைச் செய்வது, எதை விடுவது என்பது கம்பெனி இஷ்டமாம். பத்து பாடம் உள்ள பரீட்சையில் ஆறு எழுதிவிட்டு பாஸ் என்று முத்திரை குத்திக்கொள்ளலாம் போல.

செய்ய முடியாத காரியமா என்றால் அதுவும் இல்லை. சித்தப்பாவின் நாட்டுப்படகில் ஒரு ஜிபிஎஸ் பெட்டி இருக்கிறது. அலை அடிக்கும், மீன் செதில் ஒட்டும், கரை வந்ததும் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவித் துண்டால் துடைத்து வைப்பார். ஆறேழு வருடமாக ஓடுகிறது. என் லேப்டாப்பின் விலையில் பாதிகூட இல்லை. ரப்பர் வளையம் போட்டு மூடியிருக்கிறார்கள், உள்ளே விசிறி கிடையாது, அவ்வளவுதான். போர்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று பூசினால்கூடப் பாதிப் பிரச்சினை தீரும், மின்னணுத் தொழிலில் ரொம்ப காலமாகச் செய்கிற வேலைதான் அது. பாம்பனில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தைப் பெயின்ட் அடித்து அடித்தே நூறு வருடம் காப்பாற்றினார்கள், கடைசியில் தூக்குப்பாலம் தாங்காது என்று 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று ஏற்பாடெல்லாம் செய்திருக்கிறார்கள். பாலம் கட்டுகிறவனுக்கு இந்தக் காற்று கணக்கில் இருக்கிறது. எனக்குப் பூச்சு, பழைய கைலித் துணிதான்.

லேப்டாப் மட்டும் என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். போன வருடம் மொட்டை மாடியில் ஆண்டெனா கட்டி, ஒரு சின்ன ரேடியோ டாங்கிளை ராஸ்பெரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டரில் சொருகி, கப்பல்கள் தாங்கள் இருக்கிற இடத்தைச் சொல்லி அனுப்புகிற ஏஐஎஸ் சிக்னலைப் பிடித்து வரைபடத்தில் ஓடவிட்டேன். 162 மெகாஹெர்ட்ஸ் பக்கம். என்ன ஒரு சந்தோஷம், வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு மாதத்தில் கப்பல் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. ஏறிப் பார்த்தால் கேபிளின் செம்பு கன்னங்கரேலென்று கிடக்கிறது.

அப்புறம் என் கீபோர்டு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சுவிட்சு தனி, மூடி தனி என்று வரவழைத்து நானே கோர்த்த மெக்கானிக்கல் கீபோர்டு. சுவிட்சுக்குள் இருக்கிற தகட்டில் உப்பு ஏறினால் ஒரு அழுத்துக்கு இரண்டு எழுத்து விழும். கீபோர்டுக்குள் ஓடுகிற கியூஎம்கே ஃபர்ம்வேரில், இப்படி விழுகிற இரண்டாவது அழுத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகிற இடைவெளி வழக்கமாக 5 மில்லிசெகண்ட், நான் 10 ஆக்கி, 20 ஆக்கி, இப்போது 35-இல் நிற்கிறேன். விம் எடிட்டரில் ஒரு வரியை அழிக்கப் போனால் இரண்டு வரி போகும், அதைக்கூட 'யு' அடித்துத் திரும்ப வாங்கிவிடலாம். தமிழில்தான் மானம் போகிறது. தமிழ்99 தட்டச்சு முறையில் ஒரே மெய்யெழுத்தை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும், நல்ல ஏற்பாடு, ஆனால் கெட்டுப்போன விசைகளில் 'ட'வும் ஒன்று. வீடு வீட்டு ஆகும், நாடு நாட்டு ஆகும். போன மாதம் சித்தப்பாவுக்கு "இன்னைக்குப் பாடு எப்படி?" என்று, அதாவது மீன் எவ்வளவு பட்டது என்று கேட்டு, கம்ப்யூட்டரில் இருந்து அனுப்பினேன். "இன்னைக்குப் பாட்டு எப்படி?" என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. கடலுக்குப் போய் டீசல் காசுக்குக்கூட மீன் படாமல் வந்த மனுஷன். "நக்கலாடா?" என்று பதில் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

யோசனை சொல்பவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. சிலிக்கா ஜெல் போடு. போட்டேன், இரண்டு நாளில் நிறம் மாறிவிடும், அடுப்பில் வைத்து வறுத்து வறுத்துப் போட வேண்டும், கருவாடு காயவைக்கிற வீட்டில் இது ஒன்றுதான் பாக்கி. அரிசிக்குள் வை. அரிசியில் தூசி இருக்கும்டா, புண்ணியவானே. ஏசி போட்டு ஜன்னலை அடை. அது வேலை செய்யும், பொய் சொல்ல மாட்டேன், ஆனால் மே மாதம் ராத்திரி வோல்டேஜில் எங்கள் தெரு ஏசி கிளம்பவே கிளம்பாது, கரண்டு போய்விட்டால் யுபிஎஸ் லேப்டாப்பைத் தாங்குமே தவிர ஏசியைத் தாங்காது. சென்னைக்கே வந்துவிடு என்று ஒருத்தர். அங்கேயும் கடல்தான் ஐயா இருக்கிறது!

இந்தக் கடையில், இந்த மாவட்டத்து முகவரி போட்டு, இந்த பின்கோடுக்கு டெலிவரி செய்துதானே விற்றீர்கள்? அப்போது எங்கள் காற்று உங்களுக்குத் தெரியாதா? உப்பு எங்களுக்கு விபத்து இல்லை, வருடம் முழுக்க மூச்சு விடுகிற காற்றே அதுதான். ஒருவேளை கையேட்டிலேயே "கடலோரம் வேண்டாம்" என்று போட்டிருக்கிறார்களோ என்று தேடினேன். ஈரப்பதம் இத்தனை முதல் இத்தனை சதவீதம் வரை, நீர்த்துளி கோர்க்காமல் இருக்க வேண்டும் என்று ஒரு வரி. உப்பு என்ற சொல்லே இல்லை.

போர்டு மாற்ற வேண்டாம், அப்படியே திருப்பித் தாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பழைய பல் விளக்குகிற பிரஷும் வாங்கி வைத்திருக்கிறேன், நானே துலக்கிப் பார்க்கிறேன், போனால் போகட்டும். "சரி சார், சனிக்கிழமை வந்து வாங்கிக்கங்க" என்றார். போய்வர 300 கிலோமீட்டர் பஸ். போனை வைக்கப் போனபோது மறுபடி கூப்பிட்டார், "சார், ஒரு நிமிஷம், பிரிச்சுப் பார்த்ததுக்கு இன்ஸ்பெக்ஷன் சார்ஜ் 500, ஜிஎஸ்டியோட 590 வரும், சில்லறையா கொண்டு வந்துருங்க."