இழுவை எண்ணுக்கு முன் கதவு ஸ்டிக்கர்

பெரிய டிரெய்லர் இழுக்க எந்த வண்டி வாங்கலாம் என்று சொல்லும் கட்டுரை ஒன்று, 20,000 பவுண்ட் இழுக்கும் என்பதற்காக ‘முக்கால் டன்’ எனப்படும் கனரக வகை டீசல் பிக்கப்பைப் பரிந்துரைக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். முதலில் தீர்ந்துபோவது பேலோடுதான், அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு நிலைச்சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கும்: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று. இவ்வகை டீசல் வண்டிகள் பலவற்றில் அது 3,000-ஐ ஒட்டித்தான் வரும்.

16,000 பவுண்ட் ஃபிஃப்த் வீல் டிரெய்லரில் (பிக்கப்பின் சரக்குத் தட்டிலேயே இணைக்கப்படும் வகை) சுமார் 20 சதவீதம், அதாவது 3,200 பவுண்ட், பிக்கப்பின் மேலேயே உட்காரும். ஹிட்ச் எனும் இணைப்புக் கருவியின் எடையும் வண்டியில் வரும் நால்வர் எடையும் தனி. இழுவை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சும் டயரும் திணறுவது இதனால்தான்.

தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றியபின் டிரக் ஸ்டாப் எடைமேடையில் நிறுத்தி, பின் அச்சு எடையைத் தனியாகப் பாருங்கள். வண்டியின் பின்புறப் பந்தில் மாட்டும் பந்து ஹிட்ச் டிரெய்லரானால், அதன் முனை ஹிட்ச்சின் மேல் அழுத்தும் முன்பாரம் டிரெய்லர் எடையில் 10 சதவீதத்துக்குக் கீழே போகவிடாதீர்கள். போனால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லரின் வால் ஆட ஆரம்பித்துவிடும்.