ஒன்பது வெற்றி போதாமல் போன நாள்

2003 நவம்பர் கடைசி. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி கொலராடோவை அவர்கள் மைதானத்திலேயே தோற்கடித்தது. அந்த சீசனில் அது ஒன்பதாவது வெற்றி. மறுநாளே கோச் ஃபிராங்க் சோலிச்சை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் லிங்கன் நகருக்குப் படிக்க வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஜெயித்த மனிதரை ஏன் அனுப்புகிறார்கள் என்று புரியவில்லை. இருபது வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் புரியவில்லை.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மோதிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் இது. சுமார் 20 லட்சம் பேர் வாழும் இந்த விவசாய மாநிலத்துக்கு, என்.எஃப்.எல். எனும் தொழில்முறை லீக்கில் அணி கிடையாது. இருப்பது பல்கலைக்கழக அணி ஒன்றுதான். பெயர் கார்ன்ஹஸ்கர்ஸ், அதாவது மக்காச்சோளக் கதிரை உரிப்பவர்கள். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில், ஒமாஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் மெமோரியல் ஸ்டேடியம்தான் என்று இங்கே சொல்வார்கள். 1962 நவம்பரில் தொடங்கி 400 ஆட்டங்களுக்கு மேல் அத்தனை டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்திருக்கின்றன.

அதில் ஒரு டிக்கெட் என் கைக்கு வந்தது வீட்டுக்காரர் புண்ணியத்தில். ஓய்வு பெற்ற விவசாயி. அவர் மனைவிக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. அவர் இருக்கை எனக்கு வந்தது. போகும் வழியில் பெரியவர் பேசிக்கொண்டே வருவார். 1970, 1971 இரண்டு வருஷமும் அன்றைய கோச் பாப் டிவேனி தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தது. 1971 தேங்க்ஸ்கிவிங் அன்று ஓக்லஹோமாவை 35-31 என்று வென்றது, நம் ஆட்டக்காரர் ஜானி ராட்ஜர்ஸ் 72 கஜம் ஓடி டச்டவுன் போட்டது, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுசேர்த்தது. 1996 ஃபியஸ்டா பவுலில் (பவுல் என்பது சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) ஃப்ளோரிடாவை 62-24 என்று நொறுக்கியபோது, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் டாமி ஃப்ரேஸியர், பிடிக்க வந்தவர்களை எல்லாம் உதறிவிட்டு 75 கஜம் ஓடியது. அந்த ஓட்டத்தைச் சொல்லும்போது பெரியவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிடுவார். எனக்குப் பயமாக இருக்கும்.

அவர் சொன்ன எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் காலத்துக்காக நானும் ஏங்குகிறேன். அவர் குரலில் கேட்டுக் கேட்டு அது என் நினைவாகவே ஆகிவிட்டது.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். இந்தப் பதிவை எழுத வைத்ததும் அதுதான். டாம் ஆஸ்போர்ன் 1973-இல் தலைமைக் கோச் ஆனார். முதல் ஐந்து வருஷமும் ஓக்லஹோமாவிடம் தோல்வி. 1984 ஆரஞ்சு பவுலில் மயாமியோடு சமன் செய்திருந்தாலே பட்டம் அநேகமாகக் கிடைத்திருக்கும். கடைசி டச்டவுனுக்குப் பிறகு பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்தால் சமன்; சமன் வேண்டாம், ஜெயிப்போம் என்று இரண்டு புள்ளிக்கு முயன்று 31-30 என்று தோற்றார். பிற்பாடு வரிசையாக ஏழு பவுல் ஆட்டங்களில் தோல்வி. அவருடைய முதல் சாம்பியன் பட்டம் வந்தது 1994-இல், இருபத்திரண்டாவது சீசனில்! அடுத்து 1995, 1997 என்று மேலும் இரண்டு. 1993 முதல் 1997 வரை 60 வெற்றி, 3 தோல்வி.

இன்றைய அவசரத்தில் ஆஸ்போர்னை ஐந்தாம் வருஷமே அனுப்பியிருப்பார்கள்.

சோலிச் போனதற்குப் பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல மனசு வரவில்லை. கோச் மேல் கோச் வந்தார்கள். போ பெலீனி ஏழு முழு சீசனிலும் ஒன்பது வெற்றிக்குக் குறையவில்லை, அவரையும் அனுப்பினார்கள். 2018-இல் ஸ்காட் ஃப்ராஸ்ட் வந்தபோது ஊரே திருவிழாக்கோலம் பூண்டது. 1997 அணியின் குவார்ட்டர்பேக், உட் ரிவர் என்ற சிற்றூரில் வளர்ந்த பையன், வீடு திரும்புகிறான் என்று பெரியவர் கண் கலங்கினார். 16 வெற்றி, 31 தோல்வியோடு 2022 செப்டம்பரில் அதுவும் முடிந்தது. அந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லை. அதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட.

இப்போது மாட் ரூல். 2024-இல் பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்று, ஒன்பது வருஷத்தில் முதல் பவுல் வெற்றியைக் கொடுத்தார். டெம்பிள், பேலர் என்ற பல்கலைக்கழக அணிகளில் அடிமட்டத்தில் தொடங்கி மூன்றாம் சீசனில் பத்து வெற்றியைத் தொட்டவர் அவர். இங்கே மூன்றாம் சீசனில் அது நடக்கவில்லை. உடனே பழைய முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. தயவுசெய்து வேண்டாம். இந்த மனிதரை விட்டுவையுங்கள், வேலை செய்யட்டும்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. இந்த அணியின் முதுகெலும்பு வாக்-ஆன் பையன்கள். ஸ்காலர்ஷிப் இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணிக்காக உழைத்த பண்ணை வீட்டுப் பிள்ளைகள். ஆஸ்போர்ன் காலத்தில் அவர்கள் கூட்டமாக இருந்தார்கள், ஒவ்வொரு சிற்றூருக்கும் அணியில் ஒரு பையன் இருந்தான். 2025-இலிருந்து ஓர் அணியில் 105 பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்துவிட்டது. பெரும் பணம் கொடுத்து வெளியூர் ஆட்டக்காரரைக் கூட்டிவரும் காலத்தில், அந்த 105-இல் உள்ளூர்ப் பையனுக்குச் சில இடமாவது ஒதுக்கி வைக்கவேண்டும். பட்டம் திரும்பி வந்து இந்தப் பிள்ளைகள் இல்லாமல் போனால், பெரியவர் சொன்ன அணி திரும்பி வந்ததாக நான் நினைக்கமாட்டேன்.

வரும் சீசனுக்கு இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். மகளை முதல்முறையாகக் கூட்டிப்போகிறேன். ஜெயித்தாலும் தோற்றாலும் எதிரணி மைதானத்தைவிட்டு வெளியேறும்போது எழுந்து நின்று கைதட்டுவது இங்கே வழக்கம். பெரியவர் என் முதல் ஆட்டத்தில் என் தோளைத் தட்டி எழுப்பினார். அவளுக்கு இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.