ஓக் மரத்தை வெட்டாதீர்கள், அடியில் ஒரு கமேலியா வையுங்கள்

இங்கிலாந்தில் வீடு வாங்கும் நம்மவர்கள் பலர் பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்ததும் சொல்வது ஒன்றுதான்: "ஒரே மரமா இருக்கு, வெயிலே விழாது, இதுல என்ன வளரும்?" கொஞ்ச நாளிலேயே மரம் வெட்டுகிறவர் வந்துவிடுகிறார். ஒரு தலைமுறைக்கு மேல் நின்ற ஓக் மரம் ஒரே பகலில் போய்விடுகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். ஏனென்றால் அந்த நிழலைக் கேட்டு வாங்குகிற செடி ஒன்று இருக்கிறது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும், மற்ற செடியெல்லாம் குச்சியாக நிற்கும்போது பூக்கும் கமேலியா.

நமக்கு இது அந்நியச் செடியும் இல்லை. தேயிலையும் கமேலியா இனம்தான். நீலகிரியிலோ இலங்கை மலையகத்திலோ தேயிலைக்கு நடுவில் வளர்ந்தவர்கள் இதன் இலையைப் பார்த்ததும் கண்டுகொள்வார்கள். அதே பளபளப்பு, ஓரத்தில் அதே சின்னப் பற்கள். கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் இடுப்பளவில் வைத்திருப்பதால் தேயிலை பூத்து நாம் அதிகம் பார்ப்பதில்லை. வெட்டாமல் விட்ட செடியில் பாருங்கள்: வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. கமேலியாவின் தங்கச்சி என்று பார்த்ததுமே தெரியும்.

தோட்டங்களில் அதிகம் காணும் ஜப்பானியக் கமேலியா, அந்த நாட்டுக் காடுகளில் பெரிய மரங்களின் கீழ் வளர்கிறது. குளிரில் பூச்சிகள் குறைவு என்பதால் அங்கே மகரந்தம் சேர்ப்பதில் வெள்ளைக்கண்ணிக் குருவிக்குப் பெரிய பங்கு. பிரிட்டனில் முதலில் இதைக் குளிர் தாங்காத செடி என்று நினைத்துக் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தார்கள். மேற்கு லண்டன் சிசிக் ஹவுஸில் 1813இல் கட்டிய கண்ணாடி வீட்டில் பழைய கமேலியாக்கள் இன்றும் பூக்கின்றன. வெளியே மரத்தடியிலேயே நன்றாக இருக்கும் என்று பிறகுதான் புரிந்தது.

எந்த வகை வாங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் வில்லியம்ஸி என்பேன். கார்ன்வாலில் கார்ஹேஸ் தோட்டத்தில் ஜே. சி. வில்லியம்ஸ் என்பவர் 1920களில், சீனாவின் யுன்னானிலிருந்து வந்த ஒரு கமேலியாவை ஜப்பானியக் கமேலியாவோடு சேர்த்து உண்டாக்கிய கலப்பு இது. ஜப்பானிய வகைகள் பலவற்றில் வாடின பூ பழுப்பாகிச் செடியிலேயே தொங்கும். கையால் கிள்ளி எடுக்க வேண்டும். வில்லியம்ஸி தானாக உதிர்த்துவிடும். வெளிச்சம் குறைந்த இடத்திலும் தாராளமாகப் பூக்கும்.

நிழல் என்றால் கும்மிருட்டு இல்லை. அடர்த்தியான ஊசியிலை மரத்தடியில் நட்டால் இலைதான் மிஞ்சும். ஓக் போல வெயிலைச் சல்லடையாக வடித்துவிடும் மரம்தான் வேண்டும். கிழக்கு வெயில் நேரே விழும் இடத்தில் வைக்காதீர்கள். இரவு உறைபனி பிடித்த மொட்டு மெதுவாக உருகினால் பிழைக்கும்; காலை வெயில் சுள்ளென்று பட்டால் அன்றைக்கே இதழ் பழுப்பேறிவிடும். மரத்தை வெட்டுகிறவர்கள் இந்தக் காப்பையும் சேர்த்துத்தான் வெட்டுகிறார்கள். உதிர்ந்த ஓக் இலை மக்கினால் கிடைக்கும் உரம் வேறு! கமேலியாவுக்கு அமில மண் வேண்டும், சுண்ணாம்பு ஆகாது. இலைமக்கை வேரின் மேல் பரப்பிவிட்டாலே போதும். வேர் மேலாகவே ஓடும் என்பதால் ஆழமாக நடக்கூடாது, சுற்றிக் கிளறவும் கூடாது.

அப்புறம் தண்ணீர். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். வசந்தத்தில் விரியப்போகும் மொட்டு உருவாவது முந்தின கோடையின் கடைசியில். செப்டம்பரில் கிளை நுனியைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: ஒல்லியாகக் கூராக இருப்பது இலை மொட்டு, அதன் அருகில் குண்டாக உட்கார்ந்திருப்பது பூ மொட்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை வேர் காய்ந்தால் இந்தக் குண்டு மொட்டுகள் பின்னால் விரியாமலே கொட்டிவிடும். மரத்தின் வேரும் தண்ணீருக்குப் போட்டி போடும், அதனால் இளஞ்செடியை அந்த மாதங்களில் விடாமல் கவனிக்க வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தில் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஒரு பீப்பாய் வைத்து மழைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதானால் பூத்திருக்கும் மாதத்திலேயே நர்சரிக்குப் போங்கள். அடுக்கு இதழ்ப் பூ கண்ணைப் பறிக்கும், ஆனால் பலவற்றில் மகரந்தம் இருக்க வேண்டிய இடத்திலும் இதழே நிறைந்திருக்கும். மார்ச்சில் பசியோடு வெளியே வரும் பம்பிள் தேனீக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஒற்றை அடுக்கு, நடுவில் மஞ்சள் கொத்து தெரிகிற பூவாகப் பாருங்கள். 'ஜே. சி. வில்லியம்ஸ்' என்ற பெயரிலேயே வெளிர் இளஞ்சிவப்பில் அப்படி ஒன்று இருக்கிறது. கிடைத்தால் அதையே எடுங்கள்.